ரேடியோவில் போன போணி விலை

1. முதல் நாள்

ரேடியோவில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும், எங்கள் சந்தில் இருப்பவர்கள் நான் பாட்டுப் போடப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கூட்டித் துடைக்கவும் டீ போடவும்தான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். நானும் அதற்கு மேல் சொல்லவில்லை. நாலு பேர் நின்று கேட்டால் எனக்கு வாய் வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நாலாம் வகுப்பு வரை படித்தேன். எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் டீச்சர் என்னைக் கரும்பலகை துடைக்க விட்டுவிட்டார்.

ஸ்டேஷன் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்தது. பெரிய ரேடியோ இல்லை. சுற்று வட்டாரத்தில் நாலைந்து கிலோமீட்டருக்குத்தான் கேட்கும். அதைத் தாண்டினால் கரகரப்பு வந்துவிடும். ஷீலா மேடம்தான் எல்லாம். ஸ்டேஷனை நடத்துவதும் அவர்தான், மெஷின் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தள்ளுவதும் அவர்தான். காலை ஏழரைக்கு 'காலைக் காசு' என்று ஒரு நிகழ்ச்சி. பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆன கோபிநாத் சார் வந்து பேசுவார். ஷேர் மார்க்கெட், தங்கம், ஃபிக்ஸட் டெபாசிட், சீட்டு போடலாமா கூடாதா, மளிகைச் செலவை எங்கே குறைக்கலாம், எல்லாம் வரும். ஜனங்கள் ஃபோன் போட்டுச் சந்தேகம் கேட்பார்கள்.

முதல் நாள் மேடம் எனக்கு எல்லாவற்றையும் காட்டினார். துடைப்பம் இங்கே, டீத்தூள் இங்கே, ஸ்டுடியோ அங்கே. சிவப்பு லைட்டைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார். ஸ்டுடியோ கதவுக்கு மேலே சிவப்பு பல்ப் எரிந்தால் உள்ளே மைக் ஓடுகிறது, யாரும் போகக்கூடாது. எனக்கு அது தெரியாது. சாமி படத்துக்கு மேலே எரிகிற பல்ப் மாதிரி அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கோபிநாத் சார் ஏதோ காகிதத்தைப் பார்த்துத் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். வயசானவர், பேசட்டும் என்று டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் போனால் மரியாதையாக இருக்காதே என்று, பக்கத்தில் குனிந்து சொன்னேன்.

"நீங்க சொன்ன மாதிரியே மூணு ஸ்பூன் சக்கரை போட்டிருக்கு சார்."

சார் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நிமிஷத்தில் ஃபோன் வந்தது.

"வணக்கம், காலைக் காசு. உங்க பேர் சொல்லுங்கம்மா" என்றார் சார்.

"பேரா? முப்பத்தெட்டு வருஷமா குடும்பம் நடத்தறவ பேரு தெரியாதா உங்களுக்கு? சுகர் இருக்குன்னு டாக்டர் சொன்னது நெனப்பு இருக்கா? மூணு ஸ்பூனு!"

சாருடைய வீட்டம்மாதான். சார் மைக்கில் சொன்னார்: "நேயர் ஒருத்தர் சர்க்கரையைப் பத்திக் கேக்கறாங்க. அதுக்கு இன்னொரு நாள் பதில் சொல்றேன்."

"வீட்டுக்கு வாங்க. நான் இன்னிக்கே சொல்றேன்" என்று அந்தம்மா வைத்துவிட்டார்.

அன்றைக்கே வேலை போயிருக்கும். ஷீலா மேடம் சிரித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "போகட்டும் விடுங்க தேசம்மா" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இனிமேல் அந்த ஸ்டுடியோ வாசலைத் தாண்டி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். நாலு வருஷம் திறக்கவில்லை.

2. விலைச் சீட்டு

நிகழ்ச்சியில் கடைசி ஐந்து நிமிஷம் காய்கறி விலை சொல்வார்கள். மேடம் அதைக் கம்ப்யூட்டரில் எங்கிருந்தோ பார்த்து எழுதிக் கொடுப்பார். அது மொத்த மண்டி விலை, அதுவும் முந்தாநாள் விலை. ஒரு நாள் ஒரு நேயர் ஃபோனில், "நீங்க சொல்ற வெலைக்கு எங்க மாமியார் சீமந்தத்துக்கு வாங்கினாங்க மேடம்" என்று சொல்லிவிட்டார். மேடத்துக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. டீ கொண்டு போன என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தேசம்மா, நீங்க டெய்லி மார்க்கெட் வழியாத்தானே வர்றீங்க?"

"ஆமாங்க மேடம்."

"காய் வாங்குவீங்களா?"

"தெனமும் வாங்குவேங்க."

"என்ன வெலைக்கு வாங்கினீங்கன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க. நம்ம ஏரியா மார்க்கெட், இன்னிக்குக் காலை வெல. அப்புறம் யார் கேள்வி கேப்பாங்க?"

எனக்கு அன்று தரையில் கால் படவில்லை. எழுதினால் போதும், பேச வேண்டாம். எனக்காகவே செய்து வைத்த வேலை மாதிரி இருந்தது. தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவேன். என்ன காய், யாரிடம் வாங்கினது, என்ன விலை. மேடம் பெயரை விட்டுவிட்டு, காயையும் விலையையும் மட்டும் சாருக்கு எழுதிக் கொடுப்பார்.

இங்கே மார்க்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வியாபாரிகளுக்குக் காலையில் நடக்கிற முதல் வியாபாரம் போணி. எங்கள் ஊரில் தமிழ்க்காரருக்கும் கன்னடக்காரருக்கும் உருது பேசுகிறவருக்கும் அது ஒன்றுதான். போணி நல்ல கையில் ஆனால் அன்றைக்குக் கூடை சீக்கிரம் காலியாகும் என்று நம்பிக்கை. முதல் ஆள் பேரம் பேசி வாங்காமல் போய்விட்டால் அந்த நாளே போச்சு என்பார்கள். இப்போது எல்லாக் கடையிலும் ஃபோனைக் காட்டிப் பணம் கட்டும் அட்டை தொங்குகிறது. ஆனால் போணி மட்டும் கையில் காசுதான். ஃபோனில் விழுகிற பணத்தை எப்படிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது?

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலையில், அப்போது நான் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், தக்காளி விற்கும் அமீனாம்மாவிடம் அரைக் கிலோ வாங்கினேன். அன்று பதினோரு மணிக்குள் அவள் கூடை காலியாம். அடுத்த நாளும் அப்படியே. அதிலிருந்து நான் வரும் வரை அவள் தராசைத் தொட மாட்டாள். விஷயம் மெல்லப் பரவி, வெங்காயம் விற்கும் நாகராஜண்ணன், கேரட் பீன்ஸ் விற்கும் சாந்தா, இன்னும் இரண்டு பேர் என்று ஆளுக்கு ஆள் ரகசியமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "தேசம்மாக்கா, ஒரு கை வச்சிட்டுப் போங்க." எனக்கு வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவேன்.

விலை குறைத்துக் கேட்டதே கிடையாது. அவர்கள் சொல்வதைக் கொடுப்பேன். பேரம் பேச வாய் வேண்டுமே. அவர்களுக்கும் அதுதான் பிடித்தது என்று பின்னால் தெரிந்தது.

எங்கள் சந்துப் பெண்கள் குழாயடியில் நின்று, தக்காளி விலை கேட்டால் தலை சுற்றுகிறது என்பார்கள். இவர்களுக்கு வாங்கத் தெரியவில்லை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

3. பணவீக்கம் இறங்கியது

முதல் நாள் என் சீட்டு விலையைப் படிக்கும்போதே கோபிநாத் சார் நடுவில் நிறுத்திவிட்டார். தக்காளி கிலோ பன்னிரண்டு. வெங்காயம் பதினைந்து. கேரட் இருபது. பீன்ஸ் இருபத்தைந்து. கண்ணாடி வழியாக மேடத்தைப் பார்த்தார். மேடம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

நாலு நாள் இதே விலையைப் படித்ததும் சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"நேயர்களே, பணவீக்கம் பணவீக்கம்னு பேப்பர்ல தெனமும் எழுதறான். நம்ம ஏரியாவுல எங்க இருக்கு பணவீக்கம்? காமிங்க பாக்கலாம். வெல ஏறலை. ஏன் ஏறலை? நாளைக்குச் சொல்றேன்."

அடுத்த நாள் ஓசூர்ப் பக்கம் விளைச்சல் நன்றாக இருக்கிறது என்றார். அதற்கடுத்த நாள் லாரி வாடகை என்றார். மூன்றாம் நாள் நம் பெண்கள் சிக்கனமாக இருப்பதால் வியாபாரிகள் தானாகவே இறங்கி வந்துவிட்டார்கள் என்றார். நான் வெளியே டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டேன். என் பென்சில் எழுத்துக்கு இவ்வளவு அர்த்தம் இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஃபோன்கள் வர ஆரம்பித்தன.

"சார், பன்னெண்டு ரூபா தக்காளி எந்தக் கடையில சார்? நேத்து காலையில எட்டரையிலேர்ந்து சுத்தினேன். முப்பதுக்குக் கீழ ஒருத்தரும் எறங்கல."

"பேரம் பேசணும்மா. நம்ம ஜனங்களுக்குப் பேரம் பேசற பழக்கமே போயிடுச்சு."

அடுத்த நாள் அதே அம்மா. "பேசினேன் சார். ரேடியோவுல சொன்னாங்கன்னேன். அழுகின தக்காளியை எடுத்து மேல வீசிட்டாங்க."

"அடடா."

"வீசினது மட்டும் ஃப்ரீ சார். அதை உங்க லிஸ்ட்டுல சேத்துக்குங்க."

இப்படி மூன்று வாரம் ஓடியது. மார்க்கெட்டில் எட்டரை மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இருப்பது ஐந்தரையிலிருந்து ஆறு வரை. அந்த நேரத்தில் எல்லாரும் என்னிடம் சிரித்த முகமாகத்தான் இருப்பார்கள்.

4. அமீனாம்மாவின் இடம்

ஒரு நாள் விடியற்காலை அமீனாம்மா சிரிக்கவில்லை. முகம் உப்பியிருந்தது. தராசில் தக்காளியைப் பொறுக்கிப் போடாமல் அள்ளிப் போட்டாள்.

"என்ன அமீனாம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு என்ன கேடு? எவனோ ஒரு பேவகூஃப், அறிவு கெட்டவன், தெனமும் ரேடியோக்காரனுக்குத் தப்புத் தப்பா வெல சொல்றான். அவன் கையி வெளங்காமப் போக."

நான் முந்தானைக்குள் இருந்த பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. மார்க்கெட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காலை எட்டரை மணிக்குச் சங்கத்தில் அன்றைய விலையைப் பேசிப் போர்டில் எழுதுவார்கள். அதற்குக் கீழே யாரும் விற்கக்கூடாது. நாகராஜண்ணன்தான் சங்கத் தலைவர். மூன்று வாரமாக வருகிறவர்கள் எல்லாம் ரேடியோ விலையைச் சொல்லிச் சண்டை. யாரோ கட்டுப்பாட்டை மீறிக் குறைத்து விற்று, அதை ரேடியோவுக்கும் சொல்கிறார்கள் என்று சங்கத்தில் பேச்சு. அந்த வரிசையில் குடைக் கம்பியில் சின்ன ரேடியோவைத் தொங்கவிட்டு நாள் முழுக்கக் கேட்கிறவள் அமீனாம்மா ஒருத்திதான். அதனால் அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"இன்னிக்கு சங்கத்து ஆளுங்க அந்த ரேடியோ ஆபீஸுக்கே போறாங்க. என்னையும் இழுத்துட்டுப் போறாங்க. வெல சொன்னது யாருன்னு தெரியலைன்னா நாளைக்கு என் எடத்துல வேற கூடை வைப்பாங்களாம். எங்க அம்மா உக்காந்த எடம் இது. நீயே சொல்லு தேசம்மா, நான் அப்படிச் செய்யற ஆளா?"

"இல்ல" என்றேன். அது மட்டும்தான் வந்தது. நான் ஏதோ ஆபீஸில் வேலை செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எந்த ஆபீஸ் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, இருபது வருஷத்தில் முதல் தடவையாக விலை கேட்டேன்.

"அமீனாம்மா, தக்காளி கிலோ என்ன வெல?"

"பன்னெண்டு. இப்பத்தானே குடுத்த?"

"எனக்கு இல்ல. மத்தவங்களுக்கு."

"மத்தவங்களுக்கு முப்பது." என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "போணிக்கு உன்கிட்ட லாபம் பாப்பேனா? உன்கிட்ட நான் வாங்கறது காசு இல்ல, கையி."

அங்கிருந்து ஸ்டேஷன் வரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. குழாயடிப் பெண்கள் எல்லார் முகமும் வரிசையாக வந்தது. அவர்களுக்கு வாங்கத் தெரிந்துதான் இருந்தது.

5. டீ ட்ரே

மேடம் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றேன். ஆனால் மேடத்தின் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே நாகராஜண்ணன் நாலு பேரோடு வந்துவிட்டார். நான் சமையல் மூலைக்கு ஓடிவிட்டேன். மேடம் உள்ளே போய்ப் பட்டனைத் தள்ளிவிட்டு வந்தார், கோபிநாத் சாருடைய நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. சிவப்பு லைட் எரிந்தது. முன் அறையில் நாகராஜண்ணன் சத்தம் கேட்டது.

"ஏன் மேடம், இது நியாயனா? நாங்க வியாபாரம் பண்றதா, இல்ல தெனமும் கஸ்டமரோட குஸ்தி போடறதா? யார் சொன்னான் உங்களுக்குத் தக்காளி பன்னெண்டுன்னு? பேர் ஹேளி, பேரைச் சொல்லுங்க."

மேடம் அமைதியாகப் பதில் சொன்னார். "அண்ணா, ரேடியோவுக்குன்னு ஒரு தர்மம் இருக்கு. எங்களுக்குத் தகவல் குடுத்தவங்க பேரை நாங்க வெளிய சொல்ல மாட்டோம். கோர்ட்டுக்குப் போனாலும் சொல்ல மாட்டோம். மொதல்ல டீ சாப்பிடுங்க. தேசம்மா! அஞ்சு டீ!"

நான் ட்ரேயோடு போனேன். வேறு வழி?

முதலில் பார்த்தது சாந்தா. "ஐயோ, தேசம்மாக்கா! நீங்க இங்கயா வேலை செய்றீங்க?" நாகராஜண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "ஏ, நம்ம போணியம்மா! மேடம், உங்க ஆபீஸ் நல்லா ஓடறதுக்கு இப்பத்தான் காரணம் தெரியுது." எல்லார் முகமும் மலர்ந்தது. என்னைச் சந்தேகப்பட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அமீனாம்மா மட்டும் மூலையில் டம்ளரை வாங்காமல் உட்கார்ந்திருந்தாள். மேடம் எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். பேசாமல் இருங்கள், நான் காப்பாற்றுகிறேன் என்று அர்த்தம்.

நாகராஜண்ணன் டீயை உறிஞ்சிவிட்டு, "பேர் சொல்ல மாட்டேன்னா ஆயித்து, முடிஞ்சது. அமீனாம்மா, நாளையிலேர்ந்து நீ வேற எடம் பாத்துக்கோ" என்றார்.

நான் ட்ரேயைக் கீழே வைத்தேன். இடுப்பில் செருகியிருந்த அன்றைய சீட்டையும், அலமாரியில் கட்டி வைத்திருந்த பழைய சீட்டுகளையும் எடுத்து வந்து நாகராஜண்ணன் முன்னால் வைத்தேன். காகிதத்தைக் கொடுத்தால் அவர்களே படித்துக்கொள்வார்கள், நான் பேச வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் நாகராஜண்ணனுக்குக் கன்னடம்தான் படிக்கத் தெரியும். அமீனாம்மாவுக்கு உருதுதான். சாந்தாவுக்குப் படிக்கவே தெரியாது, போர்டில் நம்பர் தெரிந்தால் போதும். மேடத்திடம் நீட்டினார்கள். மேடம் அதைத் தொடாமல், "இது எங்க ஆபீஸ் ரகசியம்" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

"ஏனக்கா இது, என்னது? நீங்களே படிங்க" என்றார் நாகராஜண்ணன்.

நாலாம் வகுப்பில் எழுந்து நின்ற மாதிரியே இருந்தது. அழுகை வந்தது. அழவில்லை. படித்தேன்.

"தக்காளி. அமீனாம்மா. பன்னெண்டு."

"பாத்தியா!" என்றார் நாகராஜண்ணன். "நான் சொல்லலை?"

"வெங்காயம்" என்று நான் மேலே படித்தேன். "நாகராஜண்ணன். பதினஞ்சு."

உள்ளே கோபிநாத் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயசைப்பது மட்டும் தெரிந்தது.

"கேரட். சாந்தா. இருவது. பீன்ஸ். சாந்தா. இருவத்தஞ்சு."

சாந்தாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணா! வெங்காயம் பதினஞ்சா? போன வாரம் எங்க வீட்டு விசேஷத்துக்கு எனக்கே முப்பத்தஞ்சு போட்டியே!"

"அது... அது போணி. போணிக்கு ரூல் இல்லா."

"போணிக்கு ரூல் இல்லைன்னா அமீனாம்மாவுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு ரூலு?"

நாகராஜண்ணன் டீயைப் பார்த்தார். டம்ளரில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் குடித்தார். அப்புறம் பேச்சை மாற்றி என்னிடம் கேட்டார். "அது இருக்கட்டும். தேசம்மாக்கா, நீங்க தெனமும் மொதல்ல என்கிட்டதானே வருவீங்க?"

"உன்கிட்டயா?" என்றாள் சாந்தா. "என்கிட்ட வாங்கின பீன்ஸ் பையோடதான் உன்கிட்ட வர்றாங்க."

கூட வந்திருந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் நான் தங்களுக்கு மட்டும்தான் போணி செய்கிறேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்திருக்கிறார்கள். விலைச் சண்டை போய் இந்தச் சண்டை பெரிதாகிவிட்டது. ஒருவர் எனக்குத் தினமும் கொடுத்த கொசுறுக் கறிவேப்பிலைக்குக் கணக்குச் சொன்னார். மேடம் மேஜையைத் தட்ட வேண்டியதாகிவிட்டது.

அமீனாம்மா மட்டும் சண்டையில் சேரவில்லை. எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"காலையில என் கண்ணு முன்னாடி நின்னியே தேசம்மா. அப்ப சொன்னியா?"

"சரி, அமீனாம்மா எடம் அமீனாம்மாவுக்குத்தான். விடு" என்றார் நாகராஜண்ணன்.

"எப்படி விடறது? மார்க்கெட்டுல அறுவது கூடை இருக்கு. அத்தனை பேரும் மூணு வாரமா என்னைத் திருடி மாதிரி பாக்கறாங்க. இங்க அஞ்சு பேருக்குத் தெரிஞ்சா ஆச்சா? ரேடியோவுல கெட்டுது. ரேடியோவுலயே சொல்லச் சொல்லு."

டீயைத் தொடாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

மேடம் என்னைப் பார்த்தார். "நான் படிச்சிடறேன் தேசம்மா. தவறான தகவலுக்கு வருந்துகிறோம்னு ஒரு வரி. உங்க பேர் வேண்டாம்."

எனக்கு அது போதும் என்றுதான் ஆசை. ஆனால் பெயர் இல்லாமல் வருந்தினால், விலை சொன்னது அமீனாம்மாதான் என்றே மார்க்கெட்டில் பேசுவார்கள். "நான் போறேன் மேடம்" என்றேன்.

சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தபோது அந்தக் கதவைத் திறந்தேன். இந்தத் தடவை தெரிந்தே திறந்தேன். சார் நடுங்கிப்போய்ப் பக்கத்தில் இருந்த டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார். மேடம் பின்னாலேயே வந்து மைக்கை என் பக்கம் திருப்பினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"என் பேர் தேசம்மா. இங்க கூட்டற வேலை. மூணு வாரமா காய் வெல எழுதிக் குடுத்தது நான்தான். அமீனாம்மா இல்ல. நான் பொய் எழுதல. குடுத்த காசைத்தான் எழுதினேன். ஆனா அது எனக்குப் போட்ட போணி வெல. அந்த வெலைக்குப் போயி யாரும் கேக்காதீங்க. தக்காளி முப்பது ரூபா. தக்காளியை மேல வீசினவங்க யாரா இருந்தாலும், கேட்டவங்க யாரா இருந்தாலும், தப்பு என்னுது."

வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். உள்ளே சார் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நேயர்களே, ஓசூர் விளைச்சல், லாரி வாடகைன்னு மூணு வாரமா நெறைய சொன்னேன். ஒரே ஒரு அம்மாவோட பையை வச்சுக்கிட்டு ஊரையே எடை போட்டிருக்கேன். பேங்குல முப்பத்தஞ்சு வருஷம் இருந்து இது தோணல எனக்கு. மன்னிச்சிடுங்க."

அன்று வந்த ஃபோன்களில் ஒருத்தர்கூடத் திட்டவில்லை. முதல் ஃபோன் ஒரு டெய்லர் கடைக்காரர். "சார், அந்தம்மாவை ஒரு நாள் எங்க கடைக்கு அனுப்புவீங்களா? ஒரு பட்டன் வச்சிட்டுப் போனா போதும்." அடுத்தது ஒரு வீட்டு புரோக்கர். "ஒரு ஃப்ளாட் ரெண்டு வருஷமாப் போகல சார். அந்தம்மா வாங்க வேண்டாம். உள்ள வந்து ஜன்னலைத் திறந்து பாத்துட்டுப் போனா போதும். ஆட்டோ காசு நான் தரேன்."

6. யாருக்கு

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் மார்க்கெட் வழியாகப் போகவில்லை. பின்பக்கத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் எங்கள் சந்து முனையில் தள்ளுவண்டியில் தக்காளி வாங்கினேன். நாற்பது சொன்னான். நாற்பது கொடுத்தேன். பேரம் பேசத் தெரியாதவளுக்கு உலகம் என்ன விலை என்று அப்போதுதான் தெரிந்தது.

நாலாவது நாள் ஐந்தரை மணிக்கு ஸ்டேஷன் கேட்டைத் திறக்கப் போனால், அங்கே அமீனாம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூடை, மடியில் தராசு. ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"மூணு நாளா வேற யாரு யாரோ போணி பண்றாங்க" என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். "ஒருத்தி நூறு கிராம் வாங்கிட்டு ஐநூறு ரூபா நோட்டை நீட்டறா. ஒருத்தன் ஒவ்வொரு தக்காளியையும் கிள்ளிப் பாக்கறான். நேத்து சாயங்காலம் வரைக்கும் பாதிக் கூடை அப்படியே இருந்துச்சு."

"கோபம் போச்சா அமீனாம்மா?"

"கோபம் இருக்கு. அது வேற, வியாபாரம் வேற. அரைக் கிலோ போடவா?"

"போடு. கிலோ என்ன வெல?"

அவள் தராசைத் தூக்கிப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்குக் கேக்கற? உனக்கா, ரேடியோவுக்கா?"

"மொதல்ல எனக்கு."

"பன்னெண்டு."

ஆறு ரூபாய் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தராசில் ஒரு தட்டு தட்டினாள். "ரேடியோவுக்கு ஒம்போது மணிக்கு வந்து கேளு. போர்டுல எழுதியிருக்கும். அதுக்கு முன்னாடி என் வாயிலேருந்து ஒரு வெலையும் வராது."

அன்றிலிருந்து ஸ்டேஷனில் விலை வாசிப்பதை ஒன்பதரைக்கு மாற்றினார்கள். நான் வேலையை விட்டு நின்ற நாள் வரை ஒன்பது மணிக்குப் போய்ப் போர்டைப் பார்த்துத்தான் எழுதினேன். ரேடியோ வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை. தங்கம், ஷேர், வாடகை, வட்டி என்று யாராவது ஒரு நம்பரைக் கொண்டு வந்து கொடுப்பார்கள். கொடுப்பவர் பொய் சொல்லாதவராகவே இருப்பார். நானும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அதை மைக்கில் படிப்பதற்கு முன்னால், தராசைக் கையில் பிடித்துக்கொண்டு அமீனாம்மா என்னைக் கேட்டதை நீங்கள் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்: இந்த விலை யாருக்கு?